எத்தனை சதவீதம் குறைத்துப் போடுவது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வகுப்பறை, கழிப்பிடம், சுற்றுச்சுவர் என்று ஏழெட்டு ஆண்டுகளாகக் கட்டிக்கொடுத்து வருபவர். இப்போது பொதுப்பணித் துறையில் தன் பதிவை மேல் வகுப்புக்கு உயர்த்திக்கொண்டிருக்கிறார். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்துக்குத் தரைத்தளமும் இரண்டு மாடியுமாகக் கட்டடம் வருகிறதாம். டெண்டர் மதிப்பு, அதாவது துறை தானே கணக்கிட்ட விலை, ரூ.4 கோடி அளவில். "அதிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்துப் போட்டால் வேலை கிடைக்கும் அண்ணா?" என்பது கேள்வி.

தம்பி, சதவீதத்தைக் கடைசியில் பேசுவோம். இருபத்தாறு ஆண்டுகள் பல ஒப்பந்ததாரர்களுக்கு மதிப்பீடு போட்டுக்கொடுத்தவன் நான். நடுவில் நான்கு ஆண்டுகள் சொந்தமாக எடுத்துச் செய்து கையைச் சுட்டுக்கொண்டேன். நான் பார்த்த நட்டங்களில் முக்கால்வாசி, டெண்டரோடு வரும் விலை அட்டவணையில் (ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் போடும் பட்டியல்) தனி வரியாக இல்லாத வேலைகளால் வந்தவை. வட சென்னையில் அந்த வேலைக்குப் பெயர் தண்ணீர் இறைப்பது.

முதலில் தொகையைப் பற்றி ஒரு தெளிவு. செய்தித்தாளில் 'ரூ.5 கோடியில் புதிய அலுவலகக் கட்டடம்' என்று வந்திருக்கும். டெண்டர் அறிவிப்பில் 4 கோடிதான் இருக்கும். மீதியை யாரும் விழுங்கிவிடவில்லை. திட்டத்துக்கு அரசு தரும் நிர்வாக ஒப்புதல் அரசாணையில் சொல்லும் தொகை முழுத் திட்டத்துக்கானது. மின் பணி, தீயணைப்புக் கருவிகள், மேசை நாற்காலி, ஜிஎஸ்டி, எதிர்பாராச் செலவு என்று பலதும் அதற்குள் அடக்கம். உங்களிடம் வருவது கட்டுமானப் பகுதி மட்டும். மின் பணியைத் துறையின் மின் பிரிவு தனியாக டெண்டர் விட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விட்டிருந்தால், கூரைத் தளத்துக்கு நீங்கள் கம்பி கட்டி முடித்த பிறகு அந்த ஒப்பந்ததாரரின் ஆள் வந்து குழாய் பதித்தால்தான் கான்கிரீட் போட முடியும். அவர் அம்பத்தூரில் வேறு வேலையில் இருப்பார். அதுவரை கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் முட்டுகளுக்கும் வாடகை ஏறுவது உங்கள் தலையில்.

நிர்வாக ஒப்புதலுக்கும், விரிவான மதிப்பீட்டுக்குப் பொறியாளர்கள் தரும் தொழில்நுட்ப ஒப்புதலுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே மதிப்பீடு எந்த ஆண்டின் விலை விகித அட்டவணைப்படி (துறையின் பொருள், கூலி விலைப் பட்டியல்) போடப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே தேடுங்கள். போன ஆண்டு விலையில் போட்ட மதிப்பீட்டிலிருந்து பத்து சதவீதம் குறைப்பவர், உண்மையில் எவ்வளவு குறைக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் அரசுத் துறைகளின் டெண்டர் எல்லாமே 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் 2000-ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவை. ரூ.2 கோடி வரையான பணிக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விலையைத் திறந்த பிறகு பேரம் பேசுவதென்றால் குறைந்த விலை போட்டவரிடம் மட்டுமே பேசலாம். இரண்டாமவரைக் கூப்பிட்டு 'நீ இன்னும் இறங்கு' என்பதற்கு இடமில்லை. முடிவில் அநீதி என்று தோன்றினால் உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்து நாள் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். 'அதிகாரியை நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம்' என்று இருந்தவர்கள் பதினோராம் நாள் வக்கீல் வீட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்று இரண்டு உறை முறையாக இருந்தால் தகுதி உறை முதலில் திறக்கப்படும். 'ஒத்த பணி' என்று அனுபவச் சான்று கேட்பார்கள். பத்துப் பள்ளிகளில் தனித்தனியாகக் கட்டிய பத்து வகுப்பறைகளைக் கூட்டி ஒரு பெரிய கட்டடம் என்று காட்டுவது பெரும்பாலும் எடுபடாது. ஒரே ஒப்பந்தத்தில் இத்தனை மதிப்புக்குச் செய்திருக்க வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருக்கும். அங்கேயே நீங்கள் நின்றுவிட்டால் இந்தப் பதிலின் மீதியை அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். 30 நாள் அவகாசத்தை எல்லாரும் வங்கிக்கும் சான்றிதழுக்கும் அலைந்தே தீர்த்துவிடுகிறார்கள். அதில் மூன்று நாளை இடத்துக்குக் கொடுங்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கமெல்லாம் அரசுக்குக் கிடைக்கும் காலி இடம் பெரும்பாலும் பள்ளமாக இருந்து இடிபாடு கொட்டி மேடாக்கிய இடம். மேலே நான்கைந்து அடிக்குச் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் பழைய சாந்தும் இருக்கும். அதன் கீழே கறுப்புச் சேற்றுக் களி, அதற்கும் கீழேதான் மணல். பக்கிங்காம் கால்வாய் பக்கத்தில் ஓடினால் நிலத்தடி நீர் எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காசிமேடு, இராயபுரம் கடலோரத்தில் கதை வேறு. அங்கே மணல் நல்ல மணல்தான், ஆனால் குழியின் ஓரம் நிற்காது.

மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மண் எடுக்கத் துளை எந்த இடத்தில் போட்டார்கள் என்று மனை வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். இடத்தில் அப்போது குப்பை கிடந்தது, புதர் மண்டியிருந்தது என்று வசதியான மூலையில் துளையைப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். கட்டடம் வருவதோ எதிர் மூலையில். துளை போட்ட மாதத்தையும் பாருங்கள். மே மாதத்தில் எடுத்த நீர்மட்டத்தை நம்பி நவம்பரில் குழி வெட்டுகிறவர் தண்ணீரில்தான் நிற்பார்.

பிறகு அந்தத் தெருவில் இருக்கும் டீக்கடைக்குப் போய் உட்காருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் எழுந்து வந்து சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அந்தக் கைக்கு நேராக உங்கள் வரைபடத்தில் தரைமட்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள். தரைமட்டம் கீழே இருந்தால், வேலை நடக்கும்போது உயர்த்தச் சொல்வார்கள் என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம். உயர்த்தினால் உள்ளே நிரப்ப மண் வேண்டும், படிக்கட்டு கூடும், மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் நீளும். அதெல்லாம் கூடுதல் வேலை. கூடுதல் வேலைக்கு ஒப்புதல் மேலே போய்த் திரும்பி வர ஆறு மாதம் ஆனாலும் வியப்பதற்கில்லை.

இப்போது விலை அட்டவணையில் மண் தோண்டும் இனத்தை, அதாவது அந்த வேலைக்கான வரியை, எடுங்கள். அநேகமாக முதல் இனமே அதுதான். நீளமான ஒரே வாக்கியமாக இருக்கும். எல்லா வகை மண்ணிலும் முழு ஆழத்துக்குத் தோண்டுவது, மண்ணைக் கரையில் போடுவது, திரும்ப நிரப்புவது என்று போய்க்கொண்டே இருந்து, நடுவில் 'முட்டுக்கொடுத்தல், தேவைப்படும் இடங்களில் தண்ணீர் இறைத்தல் உட்பட' என்று ஒரு துணுக்கு வரும். எத்தனை நாள் இறைத்தாலும் எத்தனை பம்பு வைத்தாலும் கன மீட்டருக்கு அதே விலைதான் என்பதே அந்தத் துணுக்கின் பொருள். கோயம்புத்தூர் செம்மண்ணில் அதைப் படித்துவிட்டுக் கடந்து போகலாம். இங்கே அது தனி வேலை.

நான் சுட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். வியாசர்பாடிப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இருபத்து நான்கு தூண் குழிகள், ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் சதுரம். ஐந்தடி தோண்டியதும் கறுப்புத் தண்ணீர் பொங்கியது. மின்சாரப் பம்பு இரண்டு, டீசல் பம்பு ஒன்று, இரவு பகலாக ஓடின. இறைத்த தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டோம். வடிகால் முன்பே அடைத்திருந்ததால் தண்ணீர் தெருவில் நின்றது. பெண்கள் குடத்தோடு வந்து சண்டை பிடித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நூற்றைம்பது மீட்டர் ஹோஸ் வாங்கி அடுத்த வடிகாலுக்குக் கொண்டுபோனேன். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு டீசல் தீர்ந்து பம்பு நின்றது; காவலுக்கு இருந்தவர் தூங்கிவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால் குழியின் ஓரம் சரிந்து, முந்தின நாள் கட்டிய கம்பி வலை சேற்றுக்குள். நான்கு ஆட்கள் அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ இரண்டு நாள் ஆனது.

இதுகூடப் போகட்டும். வரைபடத்தில் சொன்ன ஆழத்தில் மண் நிற்கவில்லை. கம்பியை ஊன்றினால் கையளவு உள்ளே போனது. பொறியாளர் வந்து பார்த்தார். 'இன்னும் 40 சென்டிமீட்டர் தோண்டி மெலிந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள், பிறகு அளவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம்' என்றார். செய்த வேலையை அளந்து பதியும் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பில் போடுவார்கள். நல்ல மனிதர்தான், ஏமாற்ற நினைக்கவில்லை. நான் அவர் வாய்ச்சொல்லை நம்பி அந்த வாரமே எல்லாக் குழிகளையும் நிரப்பினேன். மூன்றே வாரத்தில் அவருக்கு இடமாற்றம். புதிதாக வந்தவர் வரைபடத்தைப் பார்த்தார், அளவுப் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'மண்ணுக்குள் இருப்பதை நான் எப்படி அளப்பது?' என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு குழிக்கு 2.5 கன மீட்டர், இருபத்து நான்குக்கு 60 கன மீட்டர். பத்து லாரி கான்கிரீட் மண்ணுக்குள் போனது, காகிதத்தில் ஏறவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மூடப்படும் எந்த வேலையாக இருந்தாலும், மூடுவதற்கு முன் அளவு ஏற வேண்டும். குழிக்குள் அளவுகோலை நிறுத்தி, தேதி தெரியும்படிப் படம் எடுத்துக்கொள்வேன். தள உத்தரவுப் புத்தகத்தில் அறிவுறுத்தலை எழுதிக் கையெழுத்து கேட்பேன். அவர் தயங்கினால் அன்று மாலையே 'இன்று தாங்கள் தளத்தில் அறிவுறுத்தியபடி' என்று தொடங்கி உதவி செயற்பொறியாளருக்கு ஒரு கடிதம், பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரையோடு. ஆரம்பத்தில் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர்களுக்கே அது பாதுகாப்பு என்று புரிந்துவிடும், ஏனென்றால் தணிக்கை வரும்போது அவர்களும் அதைத்தான் காட்ட வேண்டும். மண் நிரப்பும் வேலைக்கும் இதுவே. நிரப்புவதற்கு முன் ஆரம்ப மட்டத்தைப் பொறியாளர் முன்னிலையில் எடுத்துப் பதிந்துவிடுங்கள். நிரப்பிய பிறகு பழைய பள்ளத்தின் ஆழத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கடலோரம் என்பதால் இன்னொரு வரியைச் சரிபாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐஎஸ் 456-இன்படி கடற்கரைச் சூழலுக்கு உட்பட்ட கான்கிரீட் 'கடுமையான' வகையில் வரும். அதற்குக் குறைந்தபட்சம் எம்-30 கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் 45 மில்லிமீட்டர். வரைபடத்தின் குறிப்பில் எம்-30 என்றும் விலை அட்டவணையில் எம்-25 என்றும் இருப்பதை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். வேறொரு வேலையின் அட்டவணையை நகலெடுத்து ஒட்டியதால் வருவது. வேலை கிடைத்த பிறகு இதைக் கேட்டால், வரைபடப்படி செய்யுங்கள், அட்டவணைப்படி பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வரும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அதற்குத் தரும் விளக்கம் டெண்டர் போடும் எல்லாருக்கும் போக வேண்டும்; உங்கள் காதில் மட்டும் சொன்னால் செல்லாது.

கம்பியில் ஒரு சிறு நுணுக்கம். துறை உங்களுக்குப் பணம் தருவது ஏட்டு எடைக்கு: 8 மி.மீ. கம்பி என்றால் மீட்டருக்கு 0.395 கிலோ. நீங்கள் கடையில் பணம் கொடுப்பது தராசு எடைக்கு. கம்பி தடிப்பாக வந்தால் வித்தியாசம் உங்கள் பையிலிருந்து போகும். லோடு இறங்கியதும் ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டுவிட்டுப் பிறகு ரசீதில் கையெழுத்திடுங்கள்.

ஆலையிலேயே கலந்து கொண்டுவரும் தயார்நிலைக் கான்கிரீட் கலவை லாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலையில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது அதற்கான தர விதி ஐஎஸ் 4926 வைத்திருக்கும் கெடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் பக்கச் சாலைகளையும், கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உள்ள தெருக்களையும், நடுவில் ஒரு ரயில்வே கேட்டையும் தாண்டி அந்த லாரி வர வேண்டும். ஒருமுறை கேட்டில் மாட்டிக்கொண்ட லாரியின் ஓட்டுநர், கலவை இறுகுகிறதே என்று தண்ணீர் ஊற்றிவிட்டார். பொறியாளர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். சரியான முடிவு. அந்த ஒரு லாரியின் விலை என் கணக்கில். உங்கள் தளத்துக்கு இரவில் கலவை கொண்டுவர முடியுமா, அக்கம்பக்கத்தார் விடுவார்களா என்பதையும் அந்த மூன்று நாளில் விசாரித்துவிடுங்கள்.

இப்போது பணம். டெண்டரில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை, விதிப்படி சாதாரணமாக மதிப்பில் 1 சதவீதத்துக்கு மிகாமல். உங்கள் வேலைக்கு ரூ.4 லட்சம். வேலை கிடைத்தால் பாதுகாப்பு வைப்புத் தொகை. இவையெல்லாம் தெரிந்தவை. பலர் கோட்டைவிடுவது கூடுதல் பாதுகாப்பு வைப்பில். பொதுப்பணித் துறை ஆவணங்களில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை இது: துறை மதிப்பைவிட 5 சதவீதத்துக்கு மேல் 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டால் ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், 15 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கட்ட வேண்டும்.

நீங்கள் 14 சதவீதம் குறைத்தால் ஒப்பந்த மதிப்பு ரூ.3.44 கோடி, கூடுதல் வைப்பு சுமார் ரூ.6.9 லட்சம். 16 சதவீதம் குறைத்தால் ஒப்பந்தம் ரூ.3.36 கோடி, வித்தியாசம் ரூ.64 லட்சம், அதில் பாதி ரூ.32 லட்சம். இரண்டே சதவீதப் படி இறங்கியதற்கு ரூ.25 லட்சம் கூடுதலாக முடங்குகிறது. வட்டிக்கு வாங்கிக் கட்டினால் அந்த வட்டியை எந்த இனத்தில் எடுப்பீர்கள்? கம்பியிலா, சிமென்ட்டிலா? அப்படி எடுக்கத் தொடங்கும் இடத்தில்தான் கட்டடம் கெடுகிறது. புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் சுவர்ப்பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்ந்ததை ஊரே பார்த்தது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், ஐஐடி நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். அங்கே என்ன கணக்கு நடந்தது என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்குப் பிறகு வட சென்னையில் எந்தப் புதுச் சுவரையும் மக்கள் சுரண்டிப் பார்க்காமல் விடுவதில்லை. நல்ல பழக்கம்.

பில் வரும்போது எவ்வளவு கையில் வரும் என்று ஒரு மாதிரி. ரூ.40 லட்சத்துக்கு வேலை முடித்து பில் போடுகிறீர்கள். அரசுப் பணிக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. ஆக வரியோடு ரூ.47.2 லட்சம். பிடித்தங்கள் வரிக்கு முந்தைய ரூ.40 லட்சத்தின் மேல். அதில் 5 சதவீதம் நிறுத்திவைப்பு (பிறகு திருப்பித் தருவதற்காகத் துறை பிடித்து வைப்பது) என்றால் ரூ.2 லட்சம் போகும். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1, கூட்டு நிறுவனத்துக்கு 2 சதவீதம். உங்களுடையது கூட்டு நிறுவனம் என்றால் ரூ.80 ஆயிரம். ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், இன்னொரு ரூ.80 ஆயிரம். கையில் ரூ.43.6 லட்சம். அதில் ரூ.7.2 லட்சம் அரசுக்குச் சேர வேண்டிய ஜிஎஸ்டி; வாங்கிய பொருள்களுக்கான வரி வரவைக் கழித்துக்கொள்ளலாம், பிடித்ததும் உங்கள் வரிக் கணக்கில் வரவு வரும். ஆனால் அந்த மாதச் சம்பளத்துக்கு அது உதவாது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதத்தைத் துறை மதிப்பீட்டில் தனியாக ஒதுக்கியிருக்கிறதா, உங்கள் பில்லில் பிடிக்கப்போகிறதா என்பதை ஆவணத்தில் பார்த்துவிடுங்கள். 4 கோடியில் அது ரூ.4 லட்சம்.

பில் தயாராகிறது என்றாலே பணம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உதவிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும், உதவி செயற்பொறியாளர் சரிபார்க்க வேண்டும், செயற்பொறியாளர் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் அந்தப் பணிக்கான நிதி ஒதுக்கீட்டுத் தலைப்பில் பணம் இருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் எல்லாரும் ஓடுவது அதனால்தான். ரூ.4 கோடி வேலைக்கு ஒரு கோடி ரூபாயாவது சுழற்ற வழி இல்லாமல் இறங்காதீர்கள் என்பது என் கருத்து. சிலர் குறைவாக வைத்தும் சமாளித்திருக்கிறார்கள். அவர்களின் சிமென்ட் கடைக்காரர்கள் பொறுமைசாலிகள்.

காலம். 'மழைக்காலம் உட்பட 12 மாதம்' என்று எழுதியிருப்பார்கள். உட்பட என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். ஒப்பந்தம் ஆகஸ்டில் கையெழுத்தானால் உங்கள் குழி வெட்டும் வேலை நேராக வடகிழக்குப் பருவமழையில் போய் விழும். இடம் ஒப்படைக்கும் தேதியும் முக்கியம். மனையின் ஓரத்தில் ஆக்கிரமிப்போ பழைய கட்டடமோ மின்கம்பமோ இருந்தால் அது அகலும் வரை இடம் முழுமையாகக் கையில் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கால நீட்டிப்புக் கடிதம் கெடு முடிவதற்கு முன்பே போக வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் அபராதத்தோடுதான் பேச்சு தொடங்கும். தேர்தல் நடத்தை விதி வந்தால் தொடங்கிய வேலை நிற்காது, ஆனால் முடிவாகாத டெண்டர் அப்படியே கிடக்கும். உங்கள் விலையின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்துத் தரச் சொல்லிக் கடிதம் வந்தால், சிமென்ட் விலையைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

நீங்கள் கேட்கத் தயங்கிய ஒன்றும் இருக்கும். டெண்டர் போடும் வாரத்தில் தொலைபேசி வரும். 'இதை விட்டுக்கொடு, அடுத்தது உனக்கு' என்பார்கள். விலையைக் கூடிப்பேசி வைத்துக்கொள்வது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. கறுப்புப் பட்டியலில் ஏறினால் சேர்த்த அனுபவச் சான்றெல்லாம் வீண். வேறு சிலர் 'இன்னாருக்கு இத்தனை சதவீதம்' என்று உங்கள் விலையில் ஒதுக்கச் சொல்வார்கள். நான் என் மதிப்பீட்டில் அப்படி ஒரு வரி எழுதியதில்லை. அதனால் இரண்டு வேலை போயிற்று என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அளவும் கடிதமும் சோதனை அறிக்கையும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பவரிடம் கை நீட்டுவதற்குக் கொஞ்சம் யோசிக்கிறார்கள் என்பது என் அனுபவம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் அளவுப் புத்தக நகலை எந்தக் குடிமகனும் கேட்கலாம். அதைக் கேட்ட ஒரு தெருச் சங்கத்தை எனக்குத் தெரியும். அந்தத் தளத்தில் வேலை மற்ற இடங்களைவிட ஒழுங்காகவே நடந்தது.

2023-24 நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் ரூ.1,000 கோடி என்று அறிவித்ததிலிருந்து இந்தப் பக்கம் டெண்டர்கள் கூடியிருக்கின்றன. ஆகவே இதுதான் கடைசி வண்டி என்று பாய வேண்டாம்.

சதவீதத்துக்கு வருகிறேன். துறை மதிப்பை மறந்துவிட்டு, உங்கள் சொந்தச் செலவை இனம் இனமாகப் போடுங்கள். தண்ணீர் இறைக்க இருபத்தைந்து நாள், பம்பு வாடகை, டீசல், இரவுக் காவலுக்கு ஒருவருக்குப் பதில் இருவர், ஹோஸ். முடங்கும் வைப்புத் தொகைக்கு வட்டி. அதன் மேல் உங்கள் லாபம். வரும் தொகை துறை மதிப்பைவிட 4 சதவீதம் குறைவாக இருந்தால் 4 போடுங்கள். 7 என்றால், அந்த 2 சதவீதக் கூடுதல் வைப்பையும் கணக்கில் சேர்த்துவிட்டு 7 போடுங்கள். 15-ஐத் தாண்ட வேண்டாம். துறை மதிப்புக்கு மேலே வந்தால் மேலேயே போடுங்கள். கிடைக்காவிட்டால், யார் எடுக்கிறார்களோ அவர்கள் ஐந்தடி தோண்டும் நாளில் போய் நின்று பாருங்கள், கணக்கு யாருடையது சரி என்று தெரிந்துவிடும்.

இணையத்தில் ஏற்றும்போது விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். மாற்றினால் தளம் ஏற்காது. டிஜிட்டல் கையொப்பத்தின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். கடைசி நாள் மாலை மூன்று மணி கெடு என்றால் முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். டீசல் பம்புக்கு மூலக்கொத்தளம் பக்கமோ எங்கேயோ தெரிந்த ஆளிடம் செப்டம்பரிலேயே சொல்லி வையுங்கள். அக்டோபரில் முதல் மழை பெய்த மறுநாள் சென்னையில் ஒரு பம்பும் வாடகைக்குக் கிடைக்காது.